பட்டறையும் நாணயமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எங்கள் மூவருக்கும் மேடைப் பேச்சுப் பழக்கமில்லை. பழகியதெல்லாம் லேத்தின் ஓசைதான். ஆயினும், போசரியில் நாங்கள் தொடங்கிய சிறு பட்டறையின் கதையைக் கூறுமாறு சங்கச் செயலாளர் பணித்தார். பெற்ற வெற்றியினும் பட்ட அடியைக் கூறுதலே இளைஞர்க்குப் பயன்தரும் என்று கருதி, அதனையே சொல்ல வந்துள்ளோம்.

மோட்டார்த் தொழிலுக்கும் தமிழர்க்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1911-இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் தொடங்கிய நிறுவனம், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வண்டிகளை வாயுவால் ஓட்டும் கலத்தைச் செய்து அளித்தது. எரிபொருள் நெருக்கடியே ஒரு தொழிலுக்கு வித்தாகலாம் என்பதை அது காட்டிற்று. நாங்களும் அவ்வழியிற் செல்லவே விழைந்தோம். ஆனால் முதலடியிலேயே வழி தவறினோம்.

ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதியை ஒன்று சேர்த்து, காரில் காற்றுப் புகும் குழாயில் பொருத்துவதற்கு ஒரு வளையம் செய்தோம். உள்ளே சாய்ந்த இதழ்கள், அவற்றால் காற்றுச் சுழலும், சுழலும் காற்றில் பெட்ரோல் முற்றும் எரியும், செலவு குறையும். இஃது எங்கள் கணக்கு. நாம் அனைவரும் காகா என்றழைக்கும் மராத்திய ஓட்டுநரின் வண்டியில் அதனைப் பொருத்தினோம். டாங்கியை நிரப்பி ஓட்டி, அதே பம்பில் மீண்டும் நிரப்பிப் பார்த்தோம். லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடிற்று! எங்கள் மகிழ்ச்சிக்கு அளவுண்டோ? முந்நூறு வளையங்கள் செய்தோம். நம் காலனியிலேயே நாற்பது விற்றோம்.

எனினும் எங்களுள் ஒருவர்க்கு மனம் அமைதியுறவில்லை. காகா அறியாதவாறு வளையத்தைக் கழற்றிவிட்டார். இரு வாரம் கழித்துக் கணக்கிட்டால், கூடிய ஒன்றரைக் கிலோமீட்டர் அப்படியே இருந்தது! பின்னர்க் காகாவிடம் உண்மையைச் சொல்லி, சோதனை முடிந்தது என்றோம். அடுத்த இரு வாரத்தில் கணக்குப் பழைய நிலைக்கே இறங்கிற்று. சிக்கனம் வளையத்தில் இல்லை. யாரோ கணக்குப் பார்க்கிறார்கள் என்ற நினைவால் மிதியை மெல்ல அழுத்திய காலில் இருந்தது.

காரணத்தைப் பின்னரே கற்றோம். இக்கால எஞ்சினில் பெட்ரோல் ஏறக்குறைய முழுவதும் எரிந்தே விடுகிறது. வெப்பத்தின் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுவதே பேரிழப்பு. அதனை வளையமும் தடுக்காது. சிலர் விற்கும் காந்தமும் தடுக்காது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கருவிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சோதித்து, மிகச் சிலவே சிறு பயனேனும் தந்தன என்று கண்டது.

இப்போது எங்கள் முன் இரண்டு வழிகள் நின்றன. வாங்கியவர் எவரும் குறை கூறவில்லை; வாய்மூடி விற்றிருந்தால் போட்ட முதல் திரும்பியிருக்கும். ஆனால் பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுமாறு வணிகர்க்கு வள்ளுவர் கூறியதை இதே மேடையில் நம் பிள்ளைகள் ஒப்பிக்கக் கேட்டவர்கள் நாங்கள். மறுநாளே வீடு வீடாகச் சென்று பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஓர் அம்மையார் மட்டும் வாங்க மறுத்து, “இதை மாட்டிய பிறகு என் மகன் நிதானமாக ஓட்டுகிறான், அதற்கு இந்த விலை தகும்” என்றார்! எஞ்சிய வளையங்கள் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன.

பிறகு, எரிபொருள் மெய்யாகவே எங்கே வீணாகிறது என்று தேடினோம். காற்றுக் குறைந்த டயரும், விட்டு விலகாமல் உரசும் பிரேக்கும் வண்டியைப் பின்னிழுக்கின்றன. பிரேக்கின் காலிப்பர் பின் துருவேறி இறுகினால், கால் எடுத்த பின்னும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். அந்தப் பின்னையும் அதன் ரப்பர் உறையையும் இன்று செய்கிறோம். ஒவ்வொரு பின்னையும் கேஜ் வைத்து அளந்த பின்னரே அனுப்புகிறோம். கனிம எண்ணெயில் ஆன கிரீஸ் இவ்வகை ரப்பரை ஊதச் செய்யும். ஆதலின் சிலிகோன் கிரீஸே சேர்க்கிறோம். “மைலேஜ் கூடும்” என்று பெட்டியில் அச்சிடுவதில்லை. “இழந்தது மீளும்” என்று மட்டுமே சொல்கிறோம். இலாபம் சிறிது, உறக்கம் நன்று.

இளைஞர்களே! சிறுதொழில் தொடங்க அஞ்சாதீர்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமில்லை. தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, அதனையும் படித்துக்கொள்ளுங்கள். யாவற்றினும் மேலாக, உங்கள் பொருளை உங்களுக்கே தெரியாமல் சோதிக்கும் ஒரு நண்பரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரே உங்கள் முதல். அவரே உங்கள் காவல்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு நிலமில்லை, நெடிய உறவில்லை. நம் சொல் ஒன்றே நம் சொத்து. அதனைக் காப்போமாக!