கணினி செய்யும் வணிகமும் நம் இளைஞர்களும்

(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

   

இவ்வாண்டு நமது பைத்துல்மாலுக்கு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று நம்மைத் திகைக்க வைத்தது. பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு உதவி கேட்டு வந்தவர், ஆண்டுதோறும் நம்மிடம் ஜகாத் நிதி ஒப்படைத்து வந்த சகோதரர். உக்கடத்தில் கடை வைத்திருந்தவர். கைப்பேசியில் ஒரு மென்பொருளை மாத வாடகைக்கு எடுத்து, நிஃப்டி, பேங்க் நிஃப்டி ஆப்ஷன்களில் அது தானே வாங்கி விற்கும்படி விட்டிருக்கிறார். கடை முதலும், மனைவியின் மஹர் நகையும் போயின. பெயரைக் கூறாமல் செய்தியைக் கூறுங்கள் என அவரே கேட்டுக்கொண்டதால் இங்கு எடுத்துரைக்கின்றோம்.

மென்பொருள் பொய் சொல்லாதே, பின் எவ்வாறு நட்டம் என்று இளைஞர்கள் கேட்கின்றனர். மென்பொருள் நாம் கொடுத்த விதியை நிறைவேற்றுமே தவிர, நாளைய சந்தையை அறியாது. மாதத்தில் 19 நாட்கள் தலா 1,000 ரூபாய் ஈட்டும் ஒரு விதி, இருபதாம் நாள் சந்தை திடீரெனப் புரளும்போது 25,000 ரூபாயை இழக்கலாம். மாத முடிவில் 6,000 ரூபாய் நட்டம். தரகும், வரியும், மென்பொருள் வாடகையும் தனி. விற்பவர் காட்டுவதோ அந்த 19 நாட்களை மட்டுமே!

2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்கு சார்ந்த ஃபியூச்சர், ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். 2023-24இல் வெளிநாட்டு நிறுவனங்கள் ஈட்டிய இலாபத்தில் 97 விழுக்காடு கணினி வழி வணிகத்தில் வந்தது. ஆகவே கணினி இலாபம் ஈட்டுகிறது, உண்மைதான். ஆனால் அது சந்தையின் கணினிகளுக்கு அருகிலேயே தம் கணினிகளை நிறுத்தியிருக்கும் பெரு நிறுவனங்களுக்கு. கோட்டைமேட்டிலிருந்து கைப்பேசியில் போட்டியிடுபவருக்கு அன்று. அத்தகையோரும் தப்பியதில்லை: 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனம், மென்பொருள் பிழையால் சுமார் 45 நிமிடங்களில் 44 கோடி டாலர் இழந்தது.

கொங்கு மண்ணுக்கு இப்பாடம் புதிதன்று. அந்நியச் செலாவணி வணிகத்தில் பெரும் இலாபம் தருவதாகக் கூறித் திருப்பூர் பாசி நிறுவனம் சுமார் 930 கோடி ரூபாய் திரட்டியது. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் அதனை நடத்தியோருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. மென்பொருள் வணிகம் அனைத்தும் மோசடி என்று நாம் கூறவில்லை. ஆனால் "உறுதியான இலாபம்" என்ற சொல் எங்கு கேட்டாலும் அங்கு நின்று யோசிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் செபி வகுத்த விதிகளின்படி, இத்தகைய மென்பொருள்கள் பங்குச் சந்தையில் பதிவு பெற வேண்டும். பதிவு உண்டா என்றேனும் கேளுங்கள்.

மார்க்கத்தின் பார்வை என்ன? வணிகம் நமக்கு ஹலாலானது, கண்ணியமானது. ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்குபவர் அதன் உடைமையில் ஒரு பகுதியைப் பெறுகிறார். அதன் நிபந்தனைகளை ஆலிம்களிடம் கேட்டறியலாம். குறியீட்டு எண் ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவதில் பொருளுமில்லை, உழைப்புமில்லை. ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே. 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, ஆப்ஷன் ஒப்பந்தங்கள் கூடாது என்றும், குறியீட்டெண்ணை வாங்கி விற்பது சூதாட்டமே என்றும் தீர்மானித்தது. கட்டளையைக் கணினி இடுவதால் பொறுப்பு கணினியைச் சேராது. முதல் நம்முடையது, விசாரணையும் நம்மிடமே.

இன்று நாம் கேட்டுக்கொள்வது மூன்று. இவ்வணிகத்திற்கென யாரிடமும் கடன் வாங்காதீர், யாருக்கும் கொடுக்காதீர். பெற்றோர்களே, பிள்ளைகளின் கைப்பேசியைப் பறிப்பதை விட அவர்களது கணக்கை அன்போடு கேளுங்கள். ஏற்கெனவே நட்டத்தில் சிக்கியோர், அதை மீட்க மேலும் கடன்படுமுன் நம்மிடம் வாருங்கள். உங்கள் இரகசியம் காக்கப்படும்.

முன்னர் கூறிய சகோதரர் இப்போது ஒரு கடையில் சம்பளத்திற்கு வேலை செய்கிறார். மீண்டும் ஜகாத் கொடுக்கும் நாளை எதிர்நோக்குவதாகக் கூறினார். வல்ல அல்லாஹ் அந்நாளை விரைவில் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.