டீசல் வண்டியில் பெட்ரோல் விழுந்துவிட்டால்

(ஒரு ரப்பர் தோட்டத்தில் நடைபெற்ற மக்கள் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் சேர்த்து, நிறுவை முடித்துக் களைப்போடு வந்து அமர்ந்திருக்கிறீர்கள். அதனால் நாங்கள் சுற்றி வளைக்காமல் நேரே செய்திக்கு வருகிறோம். டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோலை ஊற்றிவிட்டால் என்ன நேரும், என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு. வண்டி ஓட்டுநர்கள் மட்டும் கேட்க வேண்டிய செய்திதானே என்று நினைத்துத் தாய்மார்கள் எழுந்துவிட வேண்டாம். பால் ஏற்றிச் செல்லும் டிராக்டர் பாதி வழியில் நின்றால் யாருடைய பால் வீணாகும் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் சென்று வந்த ஒரு தோட்டத்தில் நடந்ததைக் கூறுகிறோம். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் இங்குத் தேவையில்லை. அங்கே ஸ்டோரில் ஒரே நிறத்தில், ஒரே அளவில் இரண்டு பிளாஸ்டிக் டின்கள் இருந்தன. ஒன்றில் டிராக்டருக்கு டீசல். மற்றொன்றில் புல் வெட்டும் இயந்திரத்திற்கு எண்ணெய் கலந்து வைத்த பெட்ரோல். இருட்டு விலகாத நேரம். அவசரத்தில் டிராக்டர் ஓட்டுநர் கையில் பெட்ரோல் டின் அகப்பட்டது. பாதி ஊற்றும்போதே வாடை மூக்கில் ஏறியது. அவர் டின்னைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். எவரும் இல்லை. உடனே டீசல் டின்னை எடுத்து, தொட்டி நிறைய ஊற்றினார். 'கலந்துவிட்டால் காரம் குறைந்துவிடும்' என்பது அவர் கணக்கு. சாவியைத் திருப்பினார், டிராக்டரும் கிளம்பிவிட்டது.

முதல் நாள் சிறிது இரைந்தது. இரண்டாம் நாள் வெண்புகை கக்கியது; மேட்டில் இழுக்கவில்லை. மூன்றாம் நாள், பால் தொட்டியோடு மலைச்சரிவில் நின்றது நின்றதுதான். வேறு வண்டி வந்து சேர்வதற்குள் பால் கட்டி தட்டிவிட்டது. டிராக்டரைப் பட்டறைக்கு இழுத்துச் சென்று பிரித்துப் பார்த்தபோது, டீசல் பம்பும் அதைத் தொடர்ந்த ஊசிக் குழாய்களும் தேய்ந்து போயிருந்தன. அப்பொழுதும் அவர் வாய் திறக்கவில்லை. பல மாதங்கள் கழித்து எங்களிடம் சொன்னார்.

இதில் எது பிழை? டின்னை மாற்றி எடுத்தது பிழைதான். ஆனால் அது சிறு பிழை. அந்த விநாடியில் அவர் டிராக்டரைத் தொடாமல் கிராணியிடம் போயிருந்தால், தொட்டியை வடித்து, வடிகட்டியை மாற்றி, புதிய டீசல் ஊற்றியதோடு அது முடிந்திருக்கும். அரை நாள் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். இஞ்சினைக் கொன்றது பெட்ரோல் மட்டுமன்று. அந்த மூன்று நாள் மௌனமும் சேர்ந்தே கொன்றது.

பெட்ரோலும் எண்ணெய், டீசலும் எண்ணெய்; ஒன்றுக்கு மற்றொன்று ஏன் நஞ்சாக வேண்டும்? இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமே விளங்கும். சைக்கிளுக்குக் காற்றடித்தவுடன் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுடும். காற்றை நெருக்கினால் வெப்பம் பிறக்கிறது. இந்தத் தீபகற்பத்து மக்கள் இதை மிகப் பழைய காலத்திலேயே அறிந்திருந்தார்கள். சிறு குழலுக்குள் ஒரு தண்டை ஓங்கி அடித்து, அதன் முனையில் வைத்த பஞ்சில் நெருப்பு உண்டாக்கினார்கள். மலாய் மொழியில் அதற்குக் 'கோபெக் ஆப்பி' என்று பெயர்.

டீசல் இஞ்சினும் அந்தக் குழலின் வழிதான் வேலை செய்கிறது. உள்ளே இழுத்த காற்றைப் பதினைந்தில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு அது நெருக்குகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியசுக்கும் மேலே போகிறது. அந்நேரத்தில் டீசலைப் பனித்துளி போலப் பீய்ச்சினால், நெருப்புப் பொறி இல்லாமலே அது பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் இஞ்சின் அப்படியன்று. அதற்குப் பிளக் என்னும் பொறிமுனை வேண்டும். பொறி பறக்கும் வரை தானாகப் பற்றாமல் காத்திருக்கும் குணம் பெட்ரோலுக்கு வேண்டும். ஆக, டீசலுக்கு விரைவாகப் பற்றுவது சிறப்பு. பெட்ரோலுக்குப் பற்றாமல் பொறுப்பது சிறப்பு. ஒன்றின் சிறப்பு மற்றொன்றின் இடத்தில் குறையாகிவிடுகிறது. டீசல் இஞ்சினில் பெட்ரோல் புகுந்தால் எரிய வேண்டிய நேரத்தில் எரியாது. பின்னர் ஒரேயடியாக எரியும். தட்டுகின்ற ஓசை கேட்பது அதனால்தான்.

இதைவிடப் பெரிய கேடு வேறொன்று. டீசல் வெறும் எரிபொருளன்று, அதுவே மசகெண்ணெய். டீசல் பம்பின் உள்ளே இரும்போடு இரும்பு உராயாமல் காப்பது அந்த டீசலின் வழவழப்புதான். பெட்ரோலோ பிசுக்கைக் கழுவும் பொருள். கையில் ஒட்டிய தாரைப் பெட்ரோல் தொட்டுத் துடைப்பவர்கள் நீங்கள்; அதன் குணம் உங்களுக்குத் தெரியும். அதே கழுவும் வேலையை அது பம்புக்குள்ளும் செய்கிறது. வழவழப்புப் போனதும் இரும்பு இரும்பைச் சுரண்டுகிறது. சுரண்டிய தூள் ஊசிக் குழாய்களில் போய் அடைகிறது. நம் காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார். புதிய வகை டீசல் பிக்கப் வண்டிகளின் எரிபொருள் குழாயில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். அத்தகைய நுட்பமான இடத்தில் இரும்புத்தூள் செய்யும் சேதத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள்.

'அந்தக் காலத்தில் நாங்கள் கொஞ்சம் கலந்தே ஓட்டியிருக்கிறோம், ஒன்றும் ஆகவில்லை' என்று மூத்த ஓட்டுநர்கள் கூறுவதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. பழைய இஞ்சின்கள் பலவற்றில் பம்புக்குத் தனியாக இஞ்சின் எண்ணெய் கிடைத்தது. அவை சற்றுத் தாங்கின. குளிர்நாடுகளில், டீசல் மெழுகு போல் உறையாதிருக்கச் சிறிது பெட்ரோல் சேர்த்ததும் உண்மையே. ஆனால் நம் நாட்டில் டீசல் உறைவதற்குப் பனியுமில்லை. இன்றைய வண்டிகளுக்கு அந்தப் பொறுமையுமில்லை.

தொட்டியில் பெட்ரோல் விழுந்துவிட்டது என்று தெரிந்த கணமே கையை எடுத்துவிடுங்கள். சாவியைப் பாதி கூடத் திருப்ப வேண்டாம். பல வண்டிகளில் இஞ்சின் கிளம்பாமலே, சாவியைத் திருப்பியவுடன் மின்பம்பு எரிபொருளை இழுக்கத் தொடங்கிவிடும். கியரை நடுநிலையில் வைத்து நான்கு பேர் சேர்ந்து வண்டியை ஓரமாகத் தள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது என்றால், பத்திரமான இடத்தில் உடனே நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். 'ஸ்டோர் வரைக்கும் போய்விடுவோம்' என்று எண்ண வேண்டாம். எவ்வளவு ஊற்றினீர்கள், எவ்வளவு தூரம் ஓடியது என்பதை மெக்கானிக்கிடம் உள்ளபடி சொல்லுங்கள். எதைக் கழற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவர் அதைக் கொண்டே முடிவு செய்வார். மேலே டீசல் ஊற்றிச் சரிக்கட்டவும் முடியாது. தண்ணீரும் எண்ணெயும் போலப் பிரிந்து நிற்கும் பொருள்கள் அல்ல இவை. பாலும் தண்ணீரும் போல ஒன்றாகிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெயை இறக்குவது. அருள்கூர்ந்து இதைச் செய்யாதீர்கள். ஒரு வாய்ப் பெட்ரோல் தவறி மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் வெந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி யாரேனும் விழுங்கிவிட்டால் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போது அது மீண்டும் நுரையீரலுக்குள் போகக்கூடும். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எண்ணெய் இறக்குவதற்குக் கைப்பம்பு கிடைக்கிறது, விலையும் பெரிதன்று.

தீப்பற்றும் அபாயமும் உண்டு. டீசல் நம் ஊர் வெப்பத்தில் எளிதில் ஆவி விடுவதில்லை. பெட்ரோலோ கடுங்குளிரிலும் ஆவி விடும். அது கலந்துவிட்ட டீசலைப் பழைய டீசலாக எண்ணி, வாயில் சிகரெட்டோடு பக்கத்தில் குனிந்து நிற்காதீர்கள். வடித்த கலவையைக் கால்வாயில் கொட்டவோ அடுப்பு மூட்ட வீட்டுக்குக் கொண்டு போகவோ வேண்டாம். மூடியிட்டு, 'கலப்பு' என்று எழுதி, நிர்வாகத்திடம் ஒப்படையுங்கள்.

இனி, அந்த ஓட்டுநரின் கதைக்கு வருவோம். 'ஏன் அண்ணே, அப்பொழுதே சொல்லவில்லை?' என்று நாங்கள் கேட்டோம். 'சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள் ஐயா. மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள்' என்றார். எங்களுள் சிலர் முன்பு பள்ளியில் பிரம்பு பிடித்தவர்கள். மேசையில் மையைக் கொட்டிவிட்டு, அதன் மேல் புத்தகத்தை வைத்து மறைத்த மாணவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். புத்தகமும் சேர்ந்து கெட்டது. அந்தப் பையனை மறைக்க வைத்தது எங்கள் பிரம்புதான் என்பது பிறகுதான் உறைத்தது. ஆகவே, ஓட்டுநரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை.

சட்டம் என்ன கூறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுக்கிறது. அந்த வரையறைக்கு உட்படாத பிடித்தத்தைச் செய்ய முதலாளிக்கு உரிமையில்லை. பட்டறைக்காரர் கொடுத்த பில்லைப் பார்த்து, 'இவ்வளவு உன் கணக்கில்' என்று ஆபீசில் எழுதிவிட முடியாது. அப்படி நேர்ந்தால் உங்கள் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ கேளுங்கள். அதற்காக, கவனக்குறைவுக்குத் தண்டனையே இல்லை என்றும் நாங்கள் சொல்லவில்லை. முறையான விசாரணைக்குப் பின் நடவடிக்கை எடுக்க அதே சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த விசாரணையில், தானாக வந்து உடனே சொன்னவரும் மூன்று நாள் மறைத்தவரும் ஒரே தட்டில் நிற்கப் போவதில்லை. கிராணியார் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இருட்டில் ஓடிவந்து 'தப்பு நடந்துவிட்டது ஐயா' என்று ஒருவர் சொல்லும்போது முதலில் அவரைத் திட்டாதீர்கள். இஞ்சினைக் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர்.

பட்டணத்துக்குப் போய் எண்ணெய் போடும்போதும் கவனம் வேண்டும். பெட்ரோல் 95க்குக் கைப்பிடி மஞ்சள். டீசலுக்குப் பெரும்பாலும் கறுப்பு. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள். பெட்ரோல் குழாயின் மூக்கு ஒடுங்கியது. டீசல் தொட்டியின் அகன்ற வாயில் தடையின்றி நுழைந்துவிடும். அதனால்தான் இந்தத் தவறு எளிதாக நேர்கிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசாக உயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விலை குறைந்ததைக் கலந்து ஓட்டினால் மிச்சம் பிடிக்கலாமே என்று எவருக்கேனும் ஆசை வந்தால், ஒரு பம்பின் விலையை முதலில் விசாரித்துவிட்டு வரட்டும்.

மோட்டார் சைக்கிளில் டீசல் விழுந்தால் என்ன என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். புகையும், பிளக் அடைபடும், நின்றுவிடும். தொட்டியையும் கார்புரேட்டரையும் கழுவி, பிளக்கைத் துடைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனாலும் உதைத்து உதைத்துப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஸ்டோர் டின்கள். இன்று இத்தோட்டத்தில் தமிழர் மட்டும் வேலை செய்யவில்லை. இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருக்கிறார்கள். டின்னில் தமிழில் எழுதினால் அவர்களுக்குப் புரியாது. அவர்கள் எழுத்து நமக்குப் புரியாது. நிறம் எல்லோருக்கும் பொது. வரும் வழியில் மஞ்சள் சாயம் ஒரு டின்னும் கறுப்புச் சாயம் ஒரு டின்னும், நான்கு தூரிகைகளும் வாங்கி வந்திருக்கிறோம். பெட்ரோலுக்கு மஞ்சள், டீசலுக்குக் கறுப்பு. இரண்டையும் ஸ்டோரின் இரு கோடிகளில் வைக்கக் கிராணியார் இசைந்துவிட்டார். தேநீர் அருந்தியதும் எல்லோருமாக ஸ்டோருக்குப் போவோம். இளைஞர்கள் நால்வர் தூரிகை பிடிக்க முன்வந்தால், இருட்டுவதற்குள் முடித்துவிடலாம்.