நாமா, நாங்களா?



அரசியலாளர் ஒருவர் எச்சொல்லை மிகுதியாக ஆள்கிறார் என்று எண்ணினால் அவர் உள்ளம் புலப்படும் என்பர். எண்ணுவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை; பொருள் கொள்வதில்தான் பலர் இடறுகின்றனர்.

2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமா ஓயாது 'நான்' என்கிறார், இது செருக்கு என்று பத்தியாளர் சிலர் எழுதினர். மொழியியலாளர் மார்க் லிபர்மன் எண்ணிப் பார்த்தார். முன்னவர் புஷ்ஷைவிட ஒபாமா அச்சொல்லைக் குறைவாகவே ஆண்டிருந்தார்! உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வோ, இருவர் உரையாடுகையில் 'நான்' என்று மிகுதியாகச் சொல்பவர் பெரும்பாலும் நிலையில் தாழ்ந்தவரே என்கிறது.

உற்று நோக்க வேண்டியது 'வீ' என்னும் ஆங்கிலச் சொல்லையே. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் ஆற்றிய உரை ஏறத்தாழ 270 சொற்களே. அதில் 'வீ' 10 முறை வருகிறது. 'நான்' ஒருமுறையும் இல்லை. 'அடிமை' என்ற சொல்லும் இல்லை, போரின் வேர் அதுவாக இருந்தும். அந்த 'வீ'க்குள் அடிமைப்பட்டோர் அடங்குவரா? உரை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ஆங்கிலம் அதை மறைக்க இடந்தருகிறது. தமிழ் தருவதில்லை: கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். (இவ்விரண்டையும் மயங்கிப் பேசும் பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். பெற்றோர் திருத்துக.)

இளையோரே, தேர்தல் மேடையில் வேட்பாளர் 'வீ' என்னும்போதெல்லாம் மனத்துள் தமிழாக்கிப் பாருங்கள். வரியைப் பற்றிப் பேசுகையில் 'நாம்', குடியேறியோரைப் பற்றிப் பேசுகையில் 'நாங்கள்' என மாறும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அவரிடமே கேளுங்கள்.