ஒற்றைத் தலைவலிக்கு உற்ற மருந்து

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது நம் பழமொழி. காய்ச்சலையேனும் பிறர் தொட்டு அறியலாம். கருவி கொண்டு அளக்கலாம். தலைவலியைப் பிறர் காண வழியில்லை. நோயுற்றவர் சொல்வதே அதற்குச் சான்று. சொந்த ஊரை விட்டு வேறு மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கோ, அதைச் சொல்ல வேண்டிய மொழியும் பிற மொழியாய் அமைந்துவிடுகிறது. ஆகவே பலர் மருத்துவரை நாடாமல், மருந்துக் கடையில் கிடைத்ததை வாங்கி விழுங்கிக் காலம் தள்ளுகின்றனர். இவ்வழக்கம் நன்மை தருமா? ஒற்றைத் தலைவலிக்கு உற்ற மருந்தைத் தேர்வது எங்ஙனம்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நோயை இனங்காண வேண்டும். இவ்வலி பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் துடிதுடித்து எழும். மாடிப்படி ஏறினாலும் மிகும். குமட்டல் உண்டாகும், ஒளியும் ஓசையும் பொறுக்க இயலா. மருந்து உட்கொள்ளாவிடின் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்ணெதிரே நெளிந்த ஒளிக் கோடுகள் தோன்றும். ஆடவரைவிடப் பெண்டிரை இது ஏறத்தாழ மும்மடங்கு பற்றுகிறது. இதனை ஆயுர்வேத நூல்கள் அர்த்தாவபேதகம் என்கின்றன. இந்தியில் ஆதாசீசி, மராத்தியில் அர்த்தசிசி, வங்காளத்தில் ஆத்கபாலி, கன்னடத்தில் அரெதலெநோவு என்பர். பாதித் தலை என்ற கருத்தே எல்லாவற்றிலும் அமைந்திருக்கிறது. வாழும் ஊரின் சொல்லை அறிந்து வைத்திருந்தால், மருத்துவரிடம் பாதிச் செய்தியைச் சொன்னதாகும்.

மூளையின் இரத்தக் குழாய்கள் விரிவதே இவ்வலிக்குக் காரணம் என்று முன்னர்க் கருதினர். ரை என்னும் தானியக் கதிரைப் பற்றும் ஒரு காளானிலிருந்து 1918இல் ஆர்தர் ஸ்டோல் பிரித்தெடுத்த எர்காட்டமின் நெடுங்காலம் மருந்தாய் விளங்கியது. 1991இல் சுமாட்ரிப்டான் விற்பனைக்கு வந்தது. முகத்திற்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் நரம்பும், அதன் நுனிகள் வெளியிடும் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருளும் இந்நோயில் முக்கியப் பங்கு கொள்கின்றன என்பது இன்றைய அறிவு. இதனை ஆராய்ந்த நால்வருக்கு 2021இல் ‘மூளைப் பரிசு’ வழங்கப்பெற்றது. அப்பொருளைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2018 முதல் வெளிவந்துள்ளன, விலையோ அதிகம்.

ஆயினும் பலருக்கு எளிய மருந்தே போதும். அதனை உரிய நேரத்தில், உரிய அளவில் உட்கொள்ள வேண்டும். வலி தொடங்கியவுடன் கொள்ளும் மாத்திரை, அது முற்றிய பின் கொள்வதைவிட நன்கு பயன்படும். ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பையின் இயக்கம் மந்தமாகிறது. மாத்திரை குடலுக்குச் செல்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. குமட்டலைத் தணிக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தருவது இதன் பொருட்டே. வளர்ந்தவர்க்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் அல்லது பாராசிட்டமால் 1000 மில்லிகிராம் ஒரு வேளைக்குரிய அளவு. குடற்புண், சிறுநீரகக் கோளாறு உடையோர்க்கு ஐபுப்ரோஃபென் ஆகாது. கருவுற்றோர் எம்மருந்தையும் மருத்துவரைக் கேளாமல் கொள்ளலாகாது.

இவற்றால் வலி தணியாவிடின், மருத்துவர் சுமாட்ரிப்டான் போன்றவற்றைத் தருவார். ஒரு முறை பயன் தரவில்லை என்று அதனை ஒதுக்கிவிட வேண்டா. இரண்டு மூன்று முறை பார்த்த பின்னரே முடிவு செய்யலாம். அவ்வினத்தில் ஒன்று பயன்படாதவர்க்கு மற்றொன்று பயன்படுவதும் உண்டு. ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்க்கும், அடங்காத இரத்த அழுத்தம் உடையவர்க்கும் இவை விலக்கு. எர்காட்டமின் உட்கொண்ட 24 மணி நேரத்திற்குள் இவற்றை உட்கொள்வதும் தீங்கு. கடைகளில் கிடைக்கும் சில கூட்டு மாத்திரைகளில் எர்காட்டமின் கலந்திருக்கிறது. ஆதலின் அட்டையின் பின்புறத்தைப் படியாமல் எதையும் விழுங்கலாகாது.

இனி, பலர் அறியாத ஓர் உண்மை உண்டு. வலி தீர்க்கும் மாத்திரையே, அளவு மீறினால், வலியை வளர்க்கும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரையும், 10 நாளோ அதற்கு மேலோ சுமாட்ரிப்டான், எர்காட்டமின், கூட்டு மாத்திரை ஆகியவற்றையும் மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொள்பவர்க்கு, அம்மருந்துகளாலேயே தலைவலி நாள்தோறும் வரக்கூடும். அதனை நோய் முற்றியதாக எண்ணி, அவர் மேலும் மாத்திரையைக் கூட்டுகிறார். இச்சுழலினின்று மீள மருத்துவர் துணை தேவை.

மாதத்தில் 4 நாளுக்கு மேல் வலி வந்து வேலையைக் கெடுக்குமாயின், வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றிக் கேட்பது நலம். நெஞ்சுவலிக்குத் தரப்பட்ட புரோப்ரனலால் ஒற்றைத் தலைவலியையும் குறைக்கிறது என்பது 1966இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரியவந்தது. இன்றும் அது பெரிதும் வழங்குகிறது. ஆஸ்துமா உள்ளவர்க்கு அது ஆகாது. தடுப்பு மருந்தின் பயனை அறிய இரண்டு மூன்று மாதங்கள் பொறுத்திருத்தல் வேண்டும். வலி முற்றும் ஒழியாவிடினும், வலி வரும் நாட்கள் பாதியாய்க் குறைந்தால் அதுவே வெற்றி.

எல்லாத் தலைவலியும் ஒற்றைத் தலைவலி அன்று. திடீரெனத் தோன்றிச் சில நொடிகளில் உச்சத்தை எட்டும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் கூடிய வலி, கை கால் தளர்ந்து பேச்சுக் குழறும் நிலை, தலையில் அடிபட்ட பின் எழும் வலி ஆகியன காணின் உடனே மருத்துவமனைக்குச் செல்க. ஐம்பது வயதுக்குப் பின் முதன்முதலாய் வரும் தலைவலியையும் மருத்துவரிடம் காட்டாதிருத்தல் கூடாது.

இறுதியாக ஒன்று. ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வலி வந்த தேதி, தொடங்கிய மணி, நீடித்த நேரம், உட்கொண்ட மருந்து, அதன் பயன் ஆகியவற்றை அன்றன்று எழுதுங்கள். உணவு தவறியதா, உறக்கம் கெட்டதா, வடநாட்டுக் கோடை வெயிலில் அலைந்தீர்களா, நெடுந்தூர இரயிற் பயணமா, மாதவிலக்கு நாளா என்பதையும் குறியுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டா. இந்தி பேசும் மருத்துவரும் வங்காளி பேசும் மருத்துவரும், மூன்று மாதக் குறிப்பைப் பார்த்த அளவில், உங்கள் வலி எத்தகையது, எம்மருந்து பயன்பட்டது, எது மிகுந்துவிட்டது என்பதை அறிந்துகொள்வர். அடுத்த முறை மருத்துவரிடம் செல்கையில் மறவாமல் அதனை எடுத்துச் செல்லுங்கள்.