மரக்கல மாதிரிகள்
(நம் சங்கத்தின் அம்பத்தூர்க் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மரத்தினாற் பாய்க்கப்பல் மாதிரிகள் செய்வதைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். கடலே கண்ணிற்படாத அம்பத்தூரிற் கப்பலுக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நகைக்கலாம். அலையோசை இங்கே கேளாது என்பது மெய்யே. ஆயினும் மாதிரிக் கப்பலுக்கு வேண்டுவது கடலன்று. கூரிய உளியும், அளவறிந்த கண்ணும், பொறுமையுமேயாம். பெரம்பூரில் 1955-இல் இரயில் பெட்டித் தொழிற்சாலையும், பின்னர் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் ஏற்பட்ட காலந்தொட்டு, மயிரிழை பிசகினாலும் ஒப்புக்கொள்ளாத கைகள் பல நம் பக்கத்திற் பழகி வந்திருக்கின்றன. அக்கைகளிற் பல இன்று ஓய்வு பெற்றுத் திண்ணையிற் பத்திரிகை புரட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றிற்குத் தக்கதொரு வேலையைச் சொல்லவே யாம் வந்தோம்.

இக்கலையிற் புகுவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது அயல்நாட்டுக் கப்பலையே. 1765-இல் நீரில் இறக்கப்பட்டு, 1805-இல் டிரபால்கர்ப் போரில் நெல்சன் ஏறிநின்ற 'விக்டரி'; 1869-இல் தேயிலை வியாபாரத்துக்கென்று கட்டிய 'கட்டி சார்க்'. இவற்றின் துண்டுகளை அளவாக வெட்டிப் பெட்டியிலிட்டு விற்கிறார்கள். இதை நாம் குறைகூறோம். அக்கப்பல்களுக்குத் தாளில் வரைந்த படங்கள் உண்டு. ஆகவே எவரும் எங்கிருந்தும் செய்யக் கூடும். தாளின் பெருமை எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்வோம். நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய 'டிரிங்கோமலி' என்ற போர்க்கப்பல், பம்பாயில் வாடியா குடும்பத்தாரால் மலையாளத்துத் தேக்கிற் கட்டப்பெற்று, 1817 அக்டோபரில் நீரில் இறங்கியது. இங்கிலாந்திலிருந்து அதன் படங்களை ஏற்றி வந்த 'ஜாவா' என்ற கப்பல், 1812 டிசம்பரில் அமெரிக்கரோடு நிகழ்ந்த போரில் அழிந்தது. பின் என்ன செய்தார்கள்? வேறொரு பிரதியை அனுப்பினார்கள், அவ்வளவே. அந்தத் தேக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. கப்பலே முழுகினாலும் வடிவம் முழுகாது காப்பது தாள்.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டை ஒட்டிக் கடாரத்தின்மேற் படை செலுத்தினான் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கல்வெட்டு அவன் கலம் செலுத்தியதைச் சொல்கிறது. வென்ற ஊர்களின் பெயரையும் வரிசையாகச் சொல்கிறது. அக்கலத்துக்கு எத்தனை பாய்மரம், அடிப்பாகம் தட்டையா கூரா, சுக்கான் பக்கத்திலா பின்புறத்திலா என்பவற்றுள் ஒன்றையும் சொல்லவில்லை. ஆதலின் பொருட்காட்சிகளிற் 'சோழர் கப்பல்' என்று வைக்கப்படும் மாதிரிகள், செய்தவருடைய கற்பனையன்றி வேறல்ல. புலிக்கொடி ஒன்று பறந்தால் அது சோழர் கப்பல் ஆகிவிடுமோ? அதற்கும் முந்திய சாதவாகனர் காசுகள் சோழமண்டலக் கரையில் அகப்பட்டிருக்கின்றன. அவற்றில் இரண்டு பாய்மரமுள்ள கப்பலின் உருவம் உண்டு. ஆனால் கட்டைவிரல் நகமளவான ஈயக் காசை வைத்துக்கொண்டு எந்தத் தச்சன் வங்கு அறுப்பான்?

ஏட்டுச் சுவடி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சென்னை அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூல்நிலையத்தார் 1950-இற் 'கப்பல் சாத்திரம்' என்ற நூலை அச்சிட்டார்கள். எம்மரம் ஆகும், எம்மரம் ஆகாது, மரத்திற் காணும் குற்றங்களால் விளையும் பலன் யாது என்றெல்லாம் அது பேசும். படிக்கத் தக்க நூலே. எனினும் அதைக் கொண்டு ஒரு கப்பலின் வளைவைத் தாளில் வரைய முயல்வோர் களைத்துப் போவர். அவ்வளைவு மேஸ்திரியின் கண்ணில் இருந்தது. அவர் கண்ணை மூடியதும் அதுவும் மூடிக்கொண்டது.

ஆகவே நம் கிளையார் செய்யத் தக்க கப்பல் யாதெனின், 'அன்னபூரணி அம்மாள்' என்போம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ஆம் ஆண்டில் வேப்பமரத்தினாற் கட்டப்பெற்றது, நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு. சிறு படகொன்றில் முன்னமே உலகத்தைச் சுற்றி வந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் இதன்மேல் ஆசைகொண்டு விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'பிளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயரை மாற்றினார். 1937-இற் புறப்பட்ட அக்கப்பல் சூயெஸ் கால்வாயைக் கடந்து, மத்தியதரைக் கடலையும் அத்லாந்திக்கையும் தாண்டி, 1938 ஆகஸ்டு மாதத்தில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. கயிறு பிடித்தவர் வல்வெட்டித்துறைத் தமிழர். வேட்டி கட்டிய மாலுமிகள் வேப்பமரக் கப்பலில் வந்திறங்கியதை அவ்வூரார் கூடிநின்று பார்த்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கடாரத்தை அறிந்த நம் பிள்ளைகள், நம் பாட்டனார் காலத்து இந்தப் பிரயாணத்தை அறியார். பாடப் புத்தகம் எழுதுவோர் கவனிப்பார்களாக.

இதனைச் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. குளோஸ்டரில் எடுத்த புகைப்படங்களிற் பாய்மரமும், பருமலும், கயிறுகளும் நன்றாகத் தெரிகின்றன. நீருக்குள் அமிழ்ந்த பாகத்தை எந்தப் புகைப்படமும் காட்டாது. கப்பலின் உயிரோ அப்பாகத்தில்தான் இருக்கிறது. அதனை அறிய ஒரே வழி, அதே மரபிற் கட்டிய தோணிகள் கரையேற்றிக் கிடக்கும்போது சென்று அளப்பது. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்து ஓடியவை. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திரத்துக்கு மாறின. பாய் போயினும் உடலின் வளைவில் பழைய கை இன்னும் தெரியும். சென்னை மாகாண மீன்துறையில் அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-லேயே இந்தியப் படகு வகைகளைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். அயல்நாட்டார் ஒருவர் கரை கரையாக நடந்து செய்ததை, தூத்துக்குடிக்கு இரவு இரயிலேறிச் சென்று செய்ய நமக்கு இயலாதா?

அளப்பதோடு சொற்களையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டிக் கப்பல் செய்யும் நம் இளைஞர் ஒவ்வொரு கயிற்றுக்கும் இங்கிலீஷ்ப் பெயரைத் தடுமாறாமற் சொல்கிறார்கள். அடிக்கட்டைக்கு ஏரா என்றும், விலாவெலும்பு போன்ற கட்டைகளுக்கு வங்கு என்றும், முன்புறத்துக்கு அணியம் என்றும், பாயைத் தாங்கும் குறுக்கு மரத்துக்குப் பருமல் என்றும், பாயை ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்றும், அதன் முனையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான் என்றும், பலகைச் சந்துகளை அடைப்பதற்குக் கலப்பற்று என்றும் நமக்குப் பெயர் இருப்பதைச் சொன்னால் வியக்கிறார்கள். பாய் கட்டி ஓடின கிழவர்களோடு இவற்றுட் பல போய்விடும். அகராதியிற் சொல் இருக்கலாம். எந்தக் கயிறு எந்த முளையிற் கட்டப்படும் என்பதை அகராதி சொல்லாது. மாதிரிக் கப்பல் சொல்லும்.

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். 48-இல் ஒரு பங்கு என்ற அளவு ஏற்றது; கால் அங்குலம் ஓர் அடியாகும். அன்னபூரணியின் 89 அடி 22¼ அங்குலமாய், கூடத்து அலமாரியில் அடங்கும். ஐந்தரை அடி மாலுமி ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான பொம்மையாவான். அவனை முதலிலேயே செதுக்கித் தளத்தில் நிறுத்திவிடுங்கள். ஒரு படி உயரமாய்ப் போயிற்று, ஒரு கதவு சிறுத்தது என்பவற்றை அவனே காட்டிக்கொடுப்பான். தேக்கு வேண்டா. அதன் ரேகை பெரிது. சிறிய பலகையில் அது மலைபோற் தோன்றும். சென்னபட்டணத்துப் பொம்மைகள் கடையப்படும் வெட்பாலை மரம் நெருங்கிய நாருடையது, உளிக்கு இணங்கும். ஒன்பது அங்குலப் பலகை நம் அளவில் ஓர் அங்குலத்தில் 16-இல் 3 பங்கேயாகும். அதனை வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, ஒரு பகல் கட்டிவைத்து, உலர்ந்தபின் ஒட்டுக. அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் மறுவாரமே சந்து விடும். ஆணிக்கு மூங்கிற் சிலும்பு நன்று. கயிற்றுக்குப் பருத்தி நூலை முறுக்கித் தேன்மெழுகு தடவுக. நைலான் நூல் பளபளத்துக் காரியத்தைக் கெடுக்கும். அடைமழைக் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளைப் போல இதற்கு வாய்த்த காலம் வேறில்லை.

வேலையை எட்டு வயதுப் பிள்ளைக்கும் பங்கிடலாம். மெழுகு தடவுவதும் ஆணி சீவுவதும் அவர்கள் பாகம். நம் வீட்டுப் பெண்மக்கள் பாய் தைப்பதோடு நிற்க வேண்டுவதில்லை. வரைபடத்தை அவர்களிடம் ஒப்படைத்தாற் பாதிப் பிழை குறையும் என்பது எமது அபிப்பிராயம்.

வருகிற தை மாதத்தில் நம் கிளையிலிருந்து நால்வர் அளவு நாடாவும், வளைவு எடுக்க ஈயக் கம்பியும், குறிப்புப் புத்தகமும் கொண்டு தூத்துக்குடிக்குச் செல்வதாக உத்தேசம். தோணியில் ஓடின பெரியவர்களை உறவினராக உடைய அங்கத்தினர் எவரேனும் இருந்தால், அவர்களுடைய ஊரையும், எந்த நேரத்திற் பேசுவதற்கு அவகாசப்படும் என்பதையும், மார்கழி முடிவதற்குள் காரியதரிசிக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். அறுத்து வைத்த வெட்பாலைப் பலகைகள் சங்கக் கட்டடத்தின் பின்னறையில் உலர்ந்துகொண்டிருக்கின்றன.