கணக்கும் கடிதமும் காத்தல்



கடை நடத்திய நம் முன்னோர் பற்றுச்சீட்டு எழுதும்போது இடையில் ஒரு காபன் தாளை வைத்தே எழுதினர். ஒரு தாள் பொருள் வாங்கியவரோடு போயிற்று. மற்றது கடையில் தங்கிற்று. ஒன்று நனைந்தாலும் எரிந்தாலும் மற்றது சான்று கூறும். இப்பயன் தாள்கள் இரண்டாய் இருந்தமையால் மட்டும் விளைந்ததன்று. அவை வேறு வேறிடத்தில் இருந்தமையால் விளைந்தது. கணினியைக் கொண்டு வணிகம் நடத்தும் இக்காலத்தார் இவ்வெளிய உண்மையை மறத்தலாகாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இன்று சாம்பல்தீவைச் சுற்றிலும், உப்புவெளியிலும் நிலாவெளியிலும், விருந்தினர் விடுதி நடத்துவோர்க்கு அறை கேட்கும் கடிதங்கள் மின்னஞ்சலிலே வருகின்றன. விலைப்பட்டியல், வங்கி அறிவித்தல், வரிக்கணக்கு ஆகியனவும் அவ்வழியே வருகின்றன. அந்த அஞ்சற்பெட்டி ஒருநாள் வெறுமையாகிவிடின் யாது செய்வோம்? இது வீணான அச்சமன்று. நமது நாட்டிலே நடந்ததொன்றைக் கூறுகின்றேன்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26ஆந் திகதி, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் பராமரித்துவந்த அரசாங்க மேகக் கணினித் தொகுதி தாக்குண்டது. தாக்கியது கப்பம் கோரும் தீநிரல். அதாவது, கோப்புகளை உரியவரே திறக்கவியலாதவாறு பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்பது. அமைச்சரவை அலுவலகத்தினுடையவை உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. சேவையை விரைவில் மீண்டும் இயக்கினர். ஆயினும் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையுள்ள கடிதங்கள் மீளவில்லை. காப்புப் பிரதிகள் இருந்தன. ஆனால் அவையும் தாக்குதலிற் பூட்டுண்டன. தொடர்பறுத்துத் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை.

அங்கே கையாளப்பட்ட மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்சின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்குத் தயாரிப்பாளர் அளித்துவந்த ஆதரவு 2023 ஏப்ரல் 11ஆந் திகதியோடு முடிந்துவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் எண்ணம் 2021 முதல் இருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று. ஆகவே மென்பொருள் வாங்குவோர் விலையை மட்டும் கேட்டல் போதாது. அதன் ஆயுட்காலம் எதுவரை என்றும் கேட்டல் வேண்டும்.

“நாம் பெரிய நிறுவனங்களின் சேவையைப் பெறுகின்றோம், அவர்கள் காப்பார்கள்” என்பார் உளர். அவர்கள் இயந்திரத்தைக் காப்பர். நமது கைப்பிழையைக் காத்தல் அவர்தம் கடமையன்று. ஜிமெயிலில் அழித்த கடிதம் குப்பைக்கூடையில் 30 நாள் கிடந்து, பின் மறைந்துபோம். கைபேசியிலும் கணினியிலும் ஒரே கடிதம் தெரிவதைக் கண்டு இரண்டு பிரதிகள் உள எனக் கருதுதல் மயக்கமே. ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் அது அழியும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை இரண்டாவது ஆள் என எண்ணலாமோ?

தொழில்நுட்பத்தில் முன்னிற்கும் தென்கொரியாவும் இதற்கு விலக்கன்று. 2025 செப்டெம்பர் 26ஆந் திகதி தேஜோன் நகரிலுள்ள அரசாங்கத் தரவு நிலையத்தில் தீப்பிடித்தது. அரச ஊழியர் தம் கோப்புகளைச் சேமித்த ஜி டிரைவ் என்னும் களஞ்சியத்தில் 858 டெராபைற் அளவான தரவுகள் எரிந்தன. அளவு பெரிதென்பதாற் புறத்தே பிரதி எடுக்கப்படவில்லை.

இத்துறை வல்லார் கூறும் விதி எளியது: பிரதிகள் மூன்று, அவற்றை வைக்கும் சாதன வகை இரண்டு, அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது திருகோணமலைக் கரையோர மக்கள் வீட்டோடு அலுமாரியையும், அலுமாரியோடு சான்றிதழ்களையும் இழந்தனர். பிறப்புச் சான்றிதழை மீளப் பெற இயன்றது எங்ஙனம்? மூலப்பதிவு பிறிதோரிடத்தில் இருந்தமையாலன்றோ! குடும்பத்தின் நிழற்படங்களுக்கு அத்தகைய பதிவில்லை. அவை போயின போயினவே. ஆதலின் கடற்கரையில் விடுதி நடத்துவோர், பிரதி எடுத்த தட்டைக் கணினியிலிருந்து கழற்றி, அநுராதபுரத்திலோ கண்டியிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டில் வைப்பாராக. பொங்கும் கடலும் அதனை எட்டாது, தீநிரலும் எட்டாது.

இனி, நாள்தோறும் பேணவேண்டிய ஒழுங்குகள் சில. வணிக முகவரி வணிகத்தின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். எழுதுவினைஞரின் சொந்த முகவரியாயின், அவர் விலகும்போது வாடிக்கையாளரும் உடன் செல்வர். விலகுவோரின் அனுமதியை அன்றே நீக்குக. கடவுச்சொல்லோடு கைபேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பையும் அமைத்துக்கொள்க. சேவை வழங்குநரை மாற்ற நேர்ந்தால் கடிதங்கள் யாவற்றையும் பெயர்த்தெடுக்க இயலுமா என முன்னரே கேட்டறிக.

எல்லாவற்றினும் மேலானது, மீட்டுப் பார்த்தல். பரீட்சைக்குத் தோற்றாத மாணவன் சித்தியடைந்தான் என்று எந்தப் பாடசாலையும் எழுதுவதில்லை. அதுபோல, ஒருமுறையேனும் திறந்து பாராத பிரதியைக் காப்புப் பிரதி என்று சொல்லற்க. தவணைக்கு ஒருமுறை, பழைய கடிதம் ஒன்றையும் கணக்கு ஒன்றையும் பிரதியிலிருந்து மீட்டெடுத்துப் படித்துப் பாருங்கள். அதற்கு ஒரு மணி நேரம் செல்லலாம். அவ்வொரு மணி நேரத்தைச் செலவிட மனமில்லாதார், பல ஆண்டு உழைப்பை ஒரு நாளில் இழக்க நேரிடும்.