எலும்பில் ஊன்றிய செவித்துணை: நெடுநாள் பயன்



வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரமும் கேள்விக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். நாமோ கல்வி என்றதும் ஏட்டையே எண்ணுகிறோம், காதை மறந்துவிடுகிறோம். சீழ் வடியும் காதோடு பள்ளிக்கு வரும் பிள்ளை, ஆசிரியர் சொல்வதில் பாதியைத்தான் கேட்கிறது. அப்பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர் ‘மந்தம்’. நாட்பட்ட காதுச் சீழ்நோய் மிகுந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்றென்று உலக சுகாதார நிறுவனம் 2004-இல் குறித்தது. நெருக்கடியான குடியிருப்பும் ஊட்டமின்மையும் அந்நோய்க்குத் துணை செய்பவை. ஆகவே இது மருத்துவரின் கவலை மட்டுமன்று, நம் கவலையுமாகும்.

மருந்தாலும் அறுவையாலும் பலர் குணம் பெறுவர். ஆயினும் சிலருக்குச் சீழ் நிற்பதில்லை. சிலர் காதுத் துளையின்றியே பிறக்கின்றனர். துளைக்குள் செருகும் கருவி இவர்களுக்கு ஏற்றதன்று. இவர்களுக்கென வந்ததே எலும்பில் ஊன்றும் கருவி. டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனமார்க் 1952-இல் கண்டார். 1977-இல் கோதன்பர்க் நகரில் ஷெல்ஸ்ட்ரோம் குழுவினர் காதின் பின்புற எலும்பில் சிறு டைட்டானியத் திருகை ஊன்றினர். வெளியே மாட்டும் கருவியின் அதிர்வு, எலும்பு வழியே உட்காதை அடைகிறது. பாதி உள்ளே, பாதி வெளியே.

நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் நமக்குக் கற்பிப்பது யாது?

முதலாவது, பெரியவர்களிடம் திருகு பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கிறது. குழந்தைகளின் எலும்பு மெல்லியது. அவர்களிடம் திருகு கழன்றுபோவது கூடுதல். எனவே சிறு குழந்தைகளுக்குத் தலைப்பட்டையில் கருவியைக் கட்டிவிடுகின்றனர்.

இரண்டாவது, தோலைத் துளைத்து நிற்கும் இடம் நாள்தோறும் தூய்மை கேட்கும். அங்கே சிவத்தல், கசிவு, சதை வளர்தல் ஆகியவை தோன்றலாம். அவற்றைத் தரம் பிரிக்கும் அளவையை ஹோல்கர்ஸ் குழுவினர் 1988-இல் வகுத்தனர். தோலுக்கடியில் காந்தம் வைக்கும் வகையில் இத்தொல்லை குறைவு. ஆனால் காந்தம் தோலை அழுத்திப் புண்ணாக்கக் கூடும்.

மூன்றாவது, உட்காது முதுமையில் தளர்ந்தால் பயனும் குறையும். வலிமை மிகுந்த கருவி வேண்டியிருக்கும்.

நான்காவது, உள்ளே உள்ள திருகு நிலைத்தாலும் வெளியே உள்ள கருவி தேயும். பாட்டரி தீரும், சில ஆண்டுகளில் கருவியையே மாற்ற நேரும். ஏழை வீட்டில் செவிக்கதவு மீண்டும் மூடப்படுவது இங்கேதான்.

இளைஞர்களே! அறுவை ஒரு நாளில் முடிந்துவிடும். பராமரிப்பு வாழ்நாள் முழுதும் தொடரும். கருவி கொடுத்த அன்றே உதவி முடிந்துவிட்டதென்று அரசும் கருதலாகாது; நாமும் கருதலாகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் செவிக்குறையுடையோரையும் தன்னுள் கொண்டது. பழுது நீக்கமும் பாட்டரியும் மாற்றுக் கருவியும் உதவியின் பகுதியே என்று உரிமையோடு கேட்போம். நம் பங்கிற்கு, ஆண்டுதோறும் பள்ளி திறக்கும்போது பிள்ளைகளின் காதுகளைச் சோதிக்கச் செய்வோம். கருவி அணிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏட்டில் கணக்கு வைப்போம். மருத்துவமனைக்கு மறுமுறை அழைத்துச் செல்ல ஓர் இளைஞரைப் பொறுப்பாக்குவோம்.

கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் பாடம் கேட்கட்டும்.